திருத்தந்தையர் நினைவுப் பதக்கங்களும் அவற்றைச் செய்த கைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோமாபுரிக்குத் திருப்பயணம் போய்விட்டு வந்தவர்கள், பழைய பீரோவைக் காலி செய்யும்போது ஒரு வெண்கல வட்டம் கிடைத்தவர்கள், தாத்தாவின் பெட்டியில் எதையோ கண்டெடுத்தவர்கள் என்று பலரும் திருத்தந்தையர் பதக்கங்களை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். பல வருஷங்களாக வருவது ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

பதக்கத்தைக் கையில் எடுத்ததும் எல்லோரும் திருத்தந்தையின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். சரி, அது இயல்புதான். ஆனால் அதைச் செய்தவர் தன் பெயரையும் அதிலேயே எங்கோ ஒரு மூலையில் எழுதிவைத்திருப்பார். அதையும் எல்லோரும் தேடிப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. இவ்வளவையும் எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

1. இது கழுத்துல போடுற பதக்கம்தானே? அப்புறம் ஏன் மேலே வளையமே இல்லை?

இல்லை. கழுத்தில் போடும் அற்புதப் பதக்கமும் புனித ஆசீர்வாதப்பர் பதக்கமும் பக்திப் பொருள்கள். அணிவதற்கும் ஜெபிப்பதற்கும் உரியவை. இங்கே பேசுவது நினைவுப் பதக்கத்தைப் பற்றி. ஒரு நிகழ்ச்சியை, ஒரு கட்டடத்தை, ஒரு வருஷத்தை நினைவில் நிறுத்துவதற்காகத் திருத்தந்தையின் பெயரில் செய்யப்பட்டது இது. கையில் வைத்து இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்கு உரியது.

சிலவற்றில் மேலே ஓட்டையோ பற்றவைத்த வளையமோ இருக்கும். பெரும்பாலும் பிற்காலத்தில் யாரோ மாலையாகப் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டுச் செய்தது அது.

2. நாணயம் மாதிரியே இருக்கே, செல்லுமா?

செல்லாது. அதில் மதிப்பு எதுவும் எழுதியிருக்காது. குழப்பம் வருவதற்குக் காரணம் உண்டு: பல நூற்றாண்டுகளாக ரோமில் திருத்தந்தையின் நாணயங்களை அடித்த அதே நாணயச்சாலையில், பல சமயம் அதே ஆட்களின் கையால், பதக்கங்களும் அடிக்கப்பட்டன. நாணயம் கடைத்தெருவுக்குப் போனது, பதக்கம் பரிசாகப் போனது.

3. முதன்முதலா இதை ஆரம்பிச்சது யாரு?

கதை ஒரு திருச்சங்கத்தில் தொடங்குகிறது. திருத்தந்தை 4-ஆம் யூஜின் கூட்டிய ஃபெராரா–ஃபிளாரன்ஸ் சங்கத்துக்கு 1438-இல் கான்ஸ்டான்டினோப்பிளின் பேரரசர் 8-ஆம் யோவான் பாலையோலோகோஸ் வந்தார். அவரைப் பார்த்துப் பிசானெல்லோ என்ற ஓவியர் ஒரு பதக்கம் செய்தார். மறுமலர்ச்சிக் காலத்து உருவப் பதக்கங்களின் வரிசை அதிலிருந்துதான் தொடங்குகிறது. ‘ஓவியன் பிசானோவின் வேலை’ என்று லத்தீனிலும் கிரேக்கத்திலும் அதிலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார். முதல் பதக்கத்திலேயே செய்தவர் பெயர் வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

திருத்தந்தையர் பதக்கம் என்று சொன்னால், பிராத்தோ ஊரைச் சேர்ந்த ஆந்த்ரேயா குவாத்ஸலோத்தியிடமிருந்து தொடங்குவது வழக்கம். இவர் குருவாகவும் இருந்தார், வெண்கலம் வார்ப்பவராகவும் இருந்தார். 5-ஆம் நிக்கோலஸ் இறந்த 1455-ஆம் ஆண்டைத் தாங்கிய பதக்கம் இவருடையது. அதன் பின்பக்கத்தில் திருச்சபை என்ற படகில் திருத்தந்தை அமர்ந்திருக்கிறார். அடுத்து வந்தவர்களான 3-ஆம் கலிஸ்துஸ், 2-ஆம் பயஸ், பிறகு 4-ஆம் சிக்ஸ்துஸ் ஆகியோருக்கும் இவர் பதக்கம் செய்தார்.

4. இவ்வளவு செலவு பண்ணி எதுக்குச் செஞ்சாங்க? யாருக்குக் கொடுத்தாங்க?

தொடக்கத்தில் நிறையப் பதக்கங்கள் மனிதர் கண்ணுக்கே படாமல் மண்ணுக்குள் போயின. 2-ஆம் பவுல் பழங்கால நாணயங்களும் செதுக்குமணிகளும் சேர்ப்பதில் பெரும் பிரியம் உள்ளவர். இன்று வெனீசியா மாளிகை எனப்படும் தன் மாளிகையின் சுவர்களுக்குள், மண் கலயங்களில் தன் பதக்கங்களை வைத்துக் கட்டச்செய்தார். பல நூற்றாண்டு கழித்து அந்தக் கலயங்கள் வெளியே வந்தன. 1473-இல் திபேர் ஆற்றின் மேல் சிக்ஸ்துஸ் பாலத்துக்கு அடிக்கல் நாட்டிய 4-ஆம் சிக்ஸ்துஸ், படகில் இறங்கிப் போய், தன் தலை பொறித்த தங்கப் பதக்கங்களைக் கல்லுக்குப் பின்னால் வைத்தார் என்று அந்தக் காலத்து நாட்குறிப்பு ஒன்று சொல்கிறது. நகரமே ஒருநாள் இடிந்து போனாலும் இடிபாட்டிலிருந்து நம் பெயர் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம். ரோமப் பேரரசர்களின் நாணயங்கள் ரோமின் மண்ணிலிருந்து நாள்தோறும் கிடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. யூபிலி ஆண்டு முடிந்து புனிதக் கதவை அடைக்கும்போது உள்ளே பதக்கங்கள் வைக்கும் வழக்கமும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான்.

5-ஆம் பவுலின் காலத்திலிருந்து (1605–1621) ஆண்டுப் பதக்கம் என்ற ஒழுங்கு வந்தது. அந்த ஆண்டில் திருத்தந்தை செய்த முக்கியமான ஒரு செயலைப் பின்பக்கத்தில் பொறித்து, புனித பேதுரு–பவுல் திருநாளான ஜூன் 29-ஐ ஒட்டி வெளியிட்டார்கள். கர்தினால்கள், அரண்மனை அதிகாரிகள், தூதர்களுக்கு அது போனது. இது தவிர, பெரிய வியாழனன்று பாதம் கழுவப்பட்டவர்களுக்குத் தரும் சின்னப் பதக்கம் ஒன்று உண்டு. கிறிஸ்து பேதுருவின் காலைக் கழுவும் காட்சி அதில் இருக்கும்.

5. எப்படிச் செஞ்சாங்க? வார்ப்பா, அச்சுல அடிச்சதா?

இரண்டும் உண்டு, இரண்டின் அழகும் வேறு. வார்ப்பில், கைவினைஞர் முதலில் கற்பலகையின் மேல் மெழுகில் உருவத்தைச் செய்வார். மெழுகு மென்மையானது. மூக்கின் சரிவு, கன்னத்தின் சதை, போர்வையின் மடிப்பு எல்லாம் விரல் நுனியிலும் சின்னக் குச்சியிலும் வந்துவிடும். அதிலிருந்து நைசான மண்ணில் அச்சு எடுத்து, உருக்கிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் உளியால் திருத்தி மெருகேற்ற வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிறக்கும். கொஞ்சம்தான் செய்ய முடியும், ஆனால் பெரிதாகச் செய்யலாம்.

அச்சு முறையில் எல்லாம் தலைகீழ். எஃகுக் கட்டியில் உருவத்தைக் குழியாகவும், எழுத்தை வலமிடமாக மாற்றியும் வெட்ட வேண்டும். தலை, கை, எழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் முனையில் மேடாகச் செதுக்கிய எஃகுத் தண்டுகளை வைத்து அடித்து அடித்துக் குழியை உண்டாக்குவார்கள். பிறகு அந்த எஃகைக் காய்ச்சித் தோய்த்துக் கெட்டியாக்குவார்கள். மாதக்கணக்கான வேலை இந்தக் கடைசி நிமிஷத்தில் விரிசல் விட்டுப் போவதும் உண்டு. முன்பக்க அச்சுக்கும் பின்பக்க அச்சுக்கும் நடுவே உலோக வில்லையை வைத்து அழுத்தினால் பதக்கம். உருவம் மேடாக இருந்தால் ஓர் அடியில் ஏறாது. வில்லையைக் காய்ச்சி ஆறவிட்டு மறுபடி, மறுபடி அழுத்த வேண்டும்.

சுத்தியலால் அடித்து இவ்வளவு பெரிய வட்டத்தில் உருவம் ஏற்றுவது கடினம். நீண்ட கைப்பிடியைச் சுழற்றி இறக்கும் திருகு எந்திரம் 16-ஆம் நூற்றாண்டில் வந்த பிறகே அச்சுப் பதக்கம் தழைத்தது. அந்த எந்திரத்தில் வேலை செய்யும் விதத்தைச் சிற்பி பென்வெனூத்தோ செல்லினி விரிவாக எழுதிவைத்திருக்கிறார்.

6. சுத்தி இருக்கிற எழுத்து ஒண்ணும் புரியலையே, எப்படிப் படிக்கிறது?

முன்பக்கத்தில் திருத்தந்தையின் லத்தீன் பெயர், எத்தனையாவது என்ற ரோமன் எண், பிறகு ‘போன்ட் மாக்ஸ்’ அல்லது வெறும் ‘பி எம்’ என்ற சுருக்கம். ‘போந்திஃபெக்ஸ் மாக்ஸிமுஸ்’, அதாவது தலைமைக் குரு என்று பொருள். அதன் பின் ‘அன்’ என்று தொடங்கி ஒரு எண் வந்தால் அது ஆட்சியாண்டு.

இந்த ஆட்சியாண்டில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அது ஜனவரியில் தொடங்காது, திருத்தந்தை பொறுப்பேற்ற நாளிலிருந்து எண்ணப்படும். 23-ஆம் யோவான் 1958 அக்டோபர் இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1959 அக்டோபர் வரை முதலாம் ஆண்டு. அப்படியே எண்ணிக்கொண்டு வந்தால் 1962 ஜூன் நான்காம் ஆண்டில் விழும். ‘நான்கு’ என்று பார்த்ததும் 1958-உடன் நான்கைக் கூட்டினால் சரியாக வருவதாகத் தோன்றும், ஆனால் நவம்பர், டிசம்பரில் வந்த பதக்கத்துக்கு அந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

7. செஞ்சவர் பேரு எங்கேதான் இருக்கும்?

மூன்று இடங்களைப் பாருங்கள். முன்பக்கத்தில் தோள் அல்லது கழுத்து வெட்டு முடியும் இடத்தின் அடிப்பகுதி. பின்பக்கத்தில் காட்சிக்குக் கீழே ஒரு கோடு போட்டுப் பிரித்த சின்னப் பகுதி. அப்புறம் காட்சிக்குள்ளேயே, ஒரு படிக்கட்டின் ஓரமோ தூணின் அடியோ. நல்ல லென்ஸ் வேண்டும். வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து விழவிட்டால் எழுத்து எழுந்து நிற்கும்.

முழுப்பெயர் கிடைப்பது அரிது. பெயருக்குப் பின் ‘எஃப்’ இருந்தால் ‘ஃபேசித்’, அதாவது ‘செய்தான்’. ‘ஓபுஸ்’ என்றால் ‘வேலை’. ஊர்ப்பெயரும் வரும்: ‘எஃப் பி’ என்று பார்த்தால் ஃபெதெரிகோ பார்மென்சே, பார்மா ஊர்க்காரர் ஜான் ஃபெதெரிகோ போன்ஸாஞி. ஒரே முதலெழுத்து இரண்டு பேருக்குப் பொருந்துவதும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் காஸ்பரே மோலா நாணயச்சாலையில் பதக்கம் செதுக்கினார். 1640-இல் அவர் இறந்ததும் அவருடைய மருமகன்முறைக் காஸ்பரே மொரோனே அந்த வேலைக்கு வந்தார். இருவருக்கும் முதலெழுத்து ஒன்றே. திருத்தந்தை யார் என்று பார்த்துத்தான் மாமாவா மருமகனா என்று சொல்ல முடியும்.

8. செல்லினி பெரிய சிற்பிதானே, அவர் ஏன் இந்தச் சின்ன வேலையெல்லாம் செஞ்சார்?

சின்ன வேலை என்று அவர் நினைக்கவே இல்லை. அடிப்படையில் அவர் பொற்கொல்லர். 7-ஆம் கிளமெண்டின் காலத்தில் ரோம் நாணயச்சாலைக்கு அச்சு வெட்டியவர். 1534-இல் கிளமெண்டுக்காக அவர் செய்த பதக்கத்துக்கு இரண்டு பின்பக்கங்கள். ஒன்றில் சமாதானம் ஒரு பெண்ணாக நின்று ஆயுதக் குவியலுக்குத் தீ வைக்கிறாள். மற்றொன்றில் மோசே பாறையை அடிக்க, தண்ணீர் பாய்கிறது. மக்கள் குடிக்கட்டும் என்று எழுத்து.

அந்தப் பாறைக்குப் பின்னால் ஒரு நிஜக் கிணறு இருக்கிறது. 1527-இல் பேரரசர் படைகள் ரோமைச் சூறையாடியபோது கிளமெண்ட் ஓர்வியேத்தோ மலை நகரத்துக்குத் தப்பிப் போனார். முற்றுகை வந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது என்று அங்கே ஒரு கிணறு தோண்டச் சொன்னார். இளைய அந்தோனியோ தா சங்கால்லோ வடிவமைத்தார். ஐம்பது மீட்டருக்கு மேல் ஆழம். ஒன்றையொன்று சந்திக்காத இரண்டு சுழல் படிக்கட்டுகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். கோவேறு கழுதைகள் ஒன்றில் இறங்கி, தண்ணீரோடு மற்றதில் ஏறும். கிணறு முடிவதற்குள் கிளமெண்ட் இறந்துவிட்டார்.

பதக்கத்தைக் கொடுக்கப் போன காட்சியைச் செல்லினியே எழுதியிருக்கிறார். திருத்தந்தை படுக்கையில் இருந்தார். கண்ணாடியும் விளக்கும் கொண்டுவரச் சொன்னார், ஆனாலும் எதுவும் தெரியவில்லை. பிறகு பதக்கங்களை விரலால் தடவித் தடவிப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார். மூன்று நாளில் இறந்துபோனார். இந்த இடத்தைப் படித்த பிறகு நானும் பதக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை தடவிப் பார்ப்பேன். மேடும் பள்ளமும் விரலுக்கு வேறு விதமாகப் பேசும்.

9. மைக்கேலாஞ்சலோ ஒரு பதக்கத்தைப் பார்த்து அசந்துபோனார்னு சொல்றாங்களே?

கலைஞர்களின் வாழ்க்கையை எழுதிய வசாரி அப்படிப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பதக்கம் அலெஸ்ஸாந்த்ரோ சேசாத்தி 3-ஆம் பவுலுக்குச் செய்தது. சைப்ரஸ் தீவில் பிறந்தவர் என்பதால் அவருக்குக் ‘கிரெக்கெத்தோ’, அதாவது சின்னக் கிரேக்கன் என்று பட்டப்பெயர். பின்பக்கத்தில் மகா அலெக்சாண்டர் எருசலேமின் தலைமைக் குருவின் முன் மண்டியிடுகிறார். இதைப் பார்த்த மைக்கேலாஞ்சலோ, இந்தக் கலைக்கு இனிச் சாகும் வேளை வந்துவிட்டது, இதைவிட நல்லதை யாரும் பார்க்க முடியாது என்றாராம்.

அதே 3-ஆம் பவுலின் நாணயச்சாலையில் லெயோனே லெயோனி என்பவரும் வேலை செய்தார். கையில் திறமை, மூக்கின் மேல் கோபம். திருத்தந்தையின் நகை வியாபாரி ஒருவரைத் தாக்கி முகத்தைச் சிதைத்ததற்காக அவருடைய வலது கையை வெட்டத் தீர்ப்பாயிற்று. பிறகு அதைக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனையாகக் குறைத்தார்கள். ஜெனோவாவின் கடற்படைத் தலைவர் ஆந்த்ரேயா தோரியா அவரை மீட்டார். நன்றிக்கு லெயோனி தோரியாவின் பதக்கத்தைச் செய்து, பின்பக்கத்தில் சங்கிலியோடு தன் முகத்தையே வைத்தார். அந்த வலது கைதான் பின்னாளில் மைக்கேலாஞ்சலோவின் உருவப் பதக்கத்தையும் செய்தது.

10. புனித பேதுரு பேராலயம்னு போட்டிருக்கு, ஆனா கட்டடம் வேற மாதிரி இருக்கே. தப்பாச் செஞ்சுட்டாங்களா?

தப்பு இல்லை. இந்தப் பதக்கங்களின் பெரிய மதிப்பே அங்கேதான். கட்டடம் முடிந்த பிறகு செய்ததில்லை அது, தொடங்கும்போது செய்தது. 1506 ஏப்ரல் 18 அன்று 2-ஆம் ஜூலியஸ் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதற்காக லொம்பார்தியாவைச் சேர்ந்த பொற்கொல்லர் கராதோஸ்ஸோ செய்த பதக்கத்தில் கட்டடக் கலைஞர் பிரமாந்தே மனதில் வைத்திருந்த ஆலயம் இருக்கிறது: நடுவில் பெரிய குவிமாடம், இரண்டு பக்கமும் கோபுரம். 1514-இல் பிரமாந்தே இறந்தார். அடுத்தடுத்து வந்தவர்கள் வடிவத்தை மாற்றிக்கொண்டே போனார்கள். அவர் வெளிப்புறத்தை எப்படி நினைத்தார் என்று அறிய, ஆறு சென்டிமீட்டர்கூட இல்லாத இந்த வட்டத்தைத்தான் கட்டடக்கலை வரலாற்றாளர்கள் இன்றும் பார்க்கிறார்கள்.

முன்னால் இருக்கும் சதுக்கத்துக்கும் இதே கதை. 7-ஆம் அலெக்சாண்டர் 1657-இல் தூண்வரிசைக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து பல பதக்கங்கள் வந்தன. அவற்றில் இரண்டு கைகளுக்கு நடுவே, வாசலை மூடுவதுபோல மூன்றாவதாக ஒரு தூண்வரிசையும் இருக்கும். சதுக்கத்தை வடிவமைத்த சிற்பி பெர்னினி திட்டமிட்டது அது. கட்டப்படவே இல்லை. ஆகவே உங்கள் பதக்கத்தில் அந்த மூன்றாவது கை தெரிந்தால் சந்தோஷப்படுங்கள்.

11. அப்போ பெர்னினியே பதக்கம் செஞ்சிருக்காரா?

வரைந்து கொடுத்தார், செய்தவர்கள் வேறு. 1656–57-இல் ரோமில் கொள்ளைநோய் வந்தபோது 7-ஆம் அலெக்சாண்டர் நகரைக் காக்க எடுத்த முயற்சிக்கு நன்றியாக தொமினிகோ யாக்கோபாச்சி என்ற பெருமகனார் 1659-இல் ஒரு பதக்கம் செய்யவைத்தார். பெர்னினியின் வரைவு, த்ராவானியின் வார்ப்பு. பத்து சென்டிமீட்டர் அளவுக்குப் பெரியது. பின்பக்கத்தில் சிங்கம் ஒன்று ஆந்த்ரோக்ளிஸ் காலடியில் பணிகிறது. முள்ளை எடுத்தவனை மறக்காத சிங்கத்தின் பழைய கதை. மிருகமும் நன்றி மறக்காது என்ற எழுத்து சுற்றி ஓடுகிறது. எனக்கு இந்தப் பதக்க வரிசையிலேயே மிகப் பிடித்தது இதுதான். சிங்கத்தின் முதுகு வளைவை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

12. எதைப் பார்த்தாலும் ‘ஹமெரானி’னே இருக்கே, அது யாரு?

ஒரு ஆள் இல்லை, ஒரு குடும்பம். பவேரியாவிலிருந்து வந்து ரோமில் குடியேறியவர்கள். மொரோனேவுக்குப் பிறகு ஆல்பெர்த்தோ ஹமெரானி (1620–1677) பதக்க வேலையை ஏற்றார். அவர் மகன் ஜொவான்னி, பேரன்கள் எர்மெனெஜில்தோவும் ஒத்தோனேயும், பிறகு ஃபெர்தினாந்தோ என்று வேலை தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது. ஜொவான்னி செதுக்கிய முகங்களில் வயதும் களைப்பும் தெரியும். திருத்தந்தையாக இருந்தாலும் கிழவர் கிழவராகத்தான் இருப்பார். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். பிரிட்டனின் அரியணையை இழந்து ரோமில் அடைக்கலம் புகுந்திருந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்துக்கும் இவர்கள் பதக்கம் செய்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு மணமகளாக வரவிருந்த இளவரசி கிளெமென்தீனா இன்ஸ்ப்ரூக் காவலிலிருந்து தப்பியதைக் கொண்டாடும் 1719-ஆம் ஆண்டுப் பதக்கம் ஒத்தோனேயின் கைவேலை.

முக்கியமான விஷயம்: அச்சுகள் அந்தக் குடும்பத்தின் சொத்தாகவே இருந்தன. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் 6-ஆம் பயஸ் காலத்தில்தான் நாணயச்சாலை அவற்றை விலைக்கு வாங்கியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 16-ஆவது கேள்விக்கு வேண்டும்.

13. பெண்கள் யாராவது இந்த வேலையில இருந்தாங்களா?

இருந்தார்கள். ஜொவான்னியின் மகள் பெயாத்ரிச்சே ஹமெரானி அப்பாவின் பட்டறையிலேயே எஃகில் செதுக்கக் கற்றுக்கொண்டு தன் பெயரில் கையெழுத்திட்டார். 1704-இல், முப்பது வயது ஆகும் முன்பே இறந்துபோனார். ஹமெரானி என்று பார்த்ததும் ஆணாகவே எண்ணிவிடாமல் முதலெழுத்தைக் கவனியுங்கள்.

14. எல்லாமே புண்ணியமான விஷயங்களுக்குத்தானா?

இல்லை, அதை மறைக்கக் கூடாது. 1572 ஆகஸ்டில், புனித பர்த்தலமேயு திருநாளன்று தொடங்கிப் பாரிஸிலும் பிறகு மற்ற ஊர்களிலும் பிரான்சின் புரோட்டஸ்டண்டுகளான ஹியூகனாட்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். 13-ஆம் கிரகோரி அதற்கு ஒரு பதக்கம் வெளியிட்டார். ஒரு கையில் சிலுவையும் மறு கையில் வாளும் ஏந்திய வானதூதர், காலடியில் விழுந்து கிடப்பவர்கள், ‘ஹியூகனாட்களின் அழிவு 1572’ என்ற எழுத்து. செய்தவர் 7-ஆவது பதிலில் சொன்ன போன்ஸாஞி. வேலைப்பாட்டில் குறையில்லை. அதனாலேயே பார்க்கும்போது மனம் கனக்கிறது.

இதைச் சேர்ப்பில் வைக்கலாமா என்று கேட்டார்கள். வைக்கலாம், வைக்க வேண்டும். என்ன நடந்தது என்று பக்கத்தில் ஒரு சீட்டு எழுதிவைத்துவிடுங்கள். அதே கிரகோரி 1582-இல் நாள்காட்டியைத் திருத்தியதற்கும் பதக்கம் உண்டு. அவருடைய குடும்பச் சின்னமான டிராகன் ஓர் ஆட்டுத் தலையைச் சுற்றி வளைந்திருக்கும். நாம் இன்று பயன்படுத்தும் நாள்காட்டி அதுதான்.

15. எங்க வீட்டுல 5-ஆம் மார்ட்டின் பதக்கம் இருக்கு, அவர் 1417-லேயே திருத்தந்தை. அப்போ இதுதானே உலகத்துலேயே பழசு?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது கேட்பவர் முகம் வாடிவிடும். 3-ஆவது பதிலைப் பாருங்கள்: 5-ஆம் மார்ட்டின் இறந்தது 1431-இல், பிசானெல்லோவின் முதல் பதக்கம் அதற்குப் பல ஆண்டு பிந்தியது. உங்களுடையது பின்னோக்கிச் செய்த பதக்கம். 17-ஆம் நூற்றாண்டில் ஜிரோலாமோ பலதீனோ என்ற செதுக்குநர், 5-ஆம் மார்ட்டினில் தொடங்கி முந்தைய திருத்தந்தையருக்கு ஒரு வரிசையே செய்தார். சேகரிப்பவர்களுக்கு இடைவெளி இல்லாமல் வரிசை வேண்டியிருந்தது. ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் லவுஃபர் பட்டறை இன்னும் மேலே போய்ப் புனித பேதுருவிலிருந்தே தொடங்கியது.

இவை ஏமாற்று வேலையல்ல. முந்நூறு வருஷப் பழமை உள்ள, கௌரவமான பதக்கங்கள். தேதியை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

16. அசல் அச்சுல அடிச்சதுதான், ஆனா ‘பின்னாடி அடிச்சது’ங்கிறாங்க. அது எப்படி?

12-ஆவது பதிலில் சொன்ன அச்சுகள்தான் விஷயம். எஃகு அச்சு சாவதில்லை. செய்தவர் போய்ச் சேர்ந்து நூறு வருஷம் ஆனாலும் அதை எடுத்து மறுபடி அடிக்கலாம். ஹமெரானிகளும் அடித்தார்கள், நாணயச்சாலையும் அடித்தது. 1824-இல் பிரான்செஸ்கோ மாத்ஸியோ ரோம் நாணயச்சாலையில் இருந்த அச்சுகளின் பட்டியலையே அச்சிட்டார். வேண்டியதைப் பார்த்து வாங்கிக்கொள்ள வசதியாகிவிட்டது.

கண்டுபிடிக்கச் சில தடயங்கள் உண்டு. அச்சில் விரிசல் விழுந்திருந்தால் பதக்கத்தில் அது மேடான மயிர்க்கோடாக ஓடும். அச்சு துருப்பிடித்திருந்தால் வெற்றிடத்தில் மணல் தூவியதுபோலச் சின்னச் சின்ன மேடுகள். பழைய அடிப்பில் ஓரம் கொஞ்சம் ஏறுமாறாக இருக்கும், பிற்காலத்தில் கடைந்ததுபோல் நேராக இருக்கும். நிறமும் ஒரே சீரான சாக்லேட் பழுப்பாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். இன்னொன்று, முன்பக்கம் ஓர் ஆண்டுக்கும் பின்பக்கம் வேறோர் ஆண்டுக்கும் உரியதாக இருந்தால், பிற்காலத்தில் யாரோ இரண்டு அச்சுகளைச் சேர்த்து அடித்திருக்கிறார்கள். ஆட்சியாண்டைப் படிக்கத் தெரிந்தால் (6-ஆவது பதில்) இது உடனே பிடிபடும்.

17. வார்ப்புப் பதக்கத்துல போலியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஏற்கெனவே இருக்கும் பதக்கத்தையே மண்ணில் பதித்து மறுவார்ப்பு செய்வதுதான் வழக்கமான வழி. உலோகம் ஆறும்போது சுருங்கும். அதனால் நகல், மூலத்தைவிட ஒன்றிரண்டு சதவீதம் சின்னதாகிவிடும். நகலிலிருந்து நகல் என்றால் இன்னும் சின்னது. எனவே காலிப்பரால் விட்டத்தை அளந்து, பெரிய அருங்காட்சியகங்களின் பட்டியலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். பிரிட்டிஷ் மியூசியம், வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் இரண்டும் நல்ல படங்களோடு அளவும் தருகின்றன. கூர்மை மழுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். மயிரிழைகள் சோப்புக் கட்டிபோல வழுவழுவென்று இருந்தால் அது மறுவார்ப்பு.

18. முன்னாடி திருத்தந்தை முகமே இல்லை, குடைதான் இருக்கு. இது சேர்த்தியா?

சேர்த்திதான். ஒரு திருத்தந்தை இறந்து அடுத்தவர் வரும்வரை உள்ள இடைக்காலத்தில் நிர்வாகத்தைக் கவனிக்கும் கர்தினால் கமர்லெங்கோவும் வேறு சில பதவியாளர்களும் தங்கள் சின்னத்தோடு பதக்கம் வெளியிடுவது வழக்கம். பாதி விரிந்த குடையும் சாவிகளும் அந்த இடைக்காலத்தின் அடையாளம்.

19. 1870-ல திருத்தந்தையோட ராஜ்யமே போயிடுச்சே, அதோட நின்னுடுச்சா?

நாடு போனது, பதக்கம் நிற்கவில்லை. 9-ஆம் பயஸ் காலத்தில் இக்னாத்ஸியோ பியாங்கி பேராலயங்களின் உள்தோற்றத்தைத் தூண் தூணாக, ஆழம் தெரியும்படி எஃகில் வெட்டியவர். பியாங்கி குடும்பத்து வேலை 13-ஆம் லியோ காலத்திலும் தொடர்ந்தது. பிறகு வந்த பெரிய பெயர் அவுரேலியோ மிஸ்த்ரூத்ஸி (1880–1960). 11-ஆம், 12-ஆம் பயஸ் காலத்து 44 மில்லிமீட்டர் ஆண்டுப் பதக்கங்கள் நம்மவர்கள் கையில் கிடைத்தால் பெரும்பாலும் இவருடையவை. இரண்டாம் உலகப் போரின்போது இவரும் மனைவியும் தங்கள் வீட்டில் ஒரு யூதப் பெண்ணை மறைத்துக் காப்பாற்றினார்கள். அதற்காக இஸ்ரேலின் யூத இன அழிப்பு நினைவகமான யாத் வாஷெம் இருவரையும் நீதிமான்கள் வரிசையில் சேர்த்துச் சிறப்பித்தது.

இந்தக் காலத்தில் வேலைமுறை மாறிவிட்டது. சிற்பி பெரிய அளவில் களிமண்ணிலும் பிளாஸ்டரிலும் செய்து கொடுப்பார், எந்திரம் அதைச் சுருக்கி எஃகில் வெட்டும். 5-ஆவது பதிலில் சொன்ன எஃகுப் போராட்டம் போய்விட்டது. அதனால் எஃகைத் தொடாத சிற்பிகளும் உள்ளே வந்தார்கள். 1962-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பதக்கம் செய்த ஜாக்கோமோ மன்சூ செருப்புத் தைப்பவரின் மகன், இடதுசாரி. 23-ஆம் யோவானும் அவரும் பெர்காமோ பகுதிக்காரர்கள். யோவான் இறந்தபோது முகத்திலிருந்து அச்சு எடுத்ததும் மன்சூதான்.

20. இயேசு பேரையே தப்பா எழுதிட்டாங்களாமே, உண்மையா?

உண்மை. 2013-இல் திருத்தந்தை பிரான்சிஸின் முதலாம் ஆண்டுப் பதக்கத்தில், அவருடைய விருதுவாக்கு பிறந்த லத்தீன் வாக்கியத்தைச் சுற்றி எழுதினார்கள். அதில் ‘யேசுஸ்’ என்பது ‘லேசுஸ்’ என்று விழுந்துவிட்டது. 6,000-க்கும் அதிகமான பதக்கங்கள் திரும்பப் பெறப்பட்டன. அதற்குள் நான்கு விற்றுப்போயிருந்தன. யாராவது உங்களிடம் அந்தப் பிழைப் பதக்கம் என்று விற்க வந்தால் அந்த நான்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

21. கறுத்துப் போயிருக்கு, புளி போட்டுத் தேய்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். குத்துவிளக்குக்குச் செய்வதை இதற்குச் செய்யக் கூடாது. புளியும் எலுமிச்சையும் பாலிஷ் பவுடரும் மேலே படிந்த நிறத்தோடு மயிரிழையையும் கழுத்தடி எழுத்தையும் சேர்த்து அரித்துவிடும். நன்றாகத் தேய்க்கப்பட்டுப் பளபளவென்று மின்னிய ஒரு 17-ஆம் நூற்றாண்டு வெள்ளிப் பதக்கத்தை ஒருமுறை என்னிடம் கொடுத்தார்கள். கையெழுத்து இருக்க வேண்டிய இடம் வழுக்கையாக இருந்தது.

மென்மையான பருத்தித் துணியால் தூசியைத் துடையுங்கள், ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், அமிலமில்லாத காகித உறையில் வையுங்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை வேண்டாம், வெண்கலத்தில் பச்சைப் பிசுக்கு ஏறும். ஈரமான ஊரில் இருப்பவர்கள் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டுவைத்து அவ்வப்போது மாற்றுங்கள்.

22. சரி, என்ன விலை போகும்?

இதைக் கடைசியில் கேட்பார்கள், ஆனால் மனதில் முதலில் இருப்பது இதுதான். தங்கத்துக்கு உலோக விலையாவது உண்டு. மற்றவற்றில் எந்தக் காலத்து அடிப்பு, யார் கை, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்ற மூன்றையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். கடையில் கேட்பதற்கு முன் எடை, விட்டம், இரண்டு பக்கத்து எழுத்து, கையெழுத்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எங்கிருந்து யாரிடமிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெரியப்பா எந்த வருஷம் ரோமுக்குப் போனார் என்பதுகூட அந்தத் தாளில் இருக்கட்டும். எழுதி முடித்த தாளை மடித்துப் பதக்க உறையோடு சேர்த்தே வைத்துவிடுங்கள்.